பாட்டில் பாக்டீரியாவும் பாலாற்றுத் தண்ணீரும்

புதுத் தொட்டியில் விட்ட மீன் முதல் இரண்டு மூன்று நாள் நன்றாகவே இருக்கும். தண்ணீர் தெளிவாக இருக்கும், போட்ட தீனியைத் தின்னும், பிள்ளைகள் தொட்டியை விட்டு நகர மாட்டார்கள். அப்புறம் ஒருநாள் காலையில் தங்கமீன் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். செவுள் ஓரம் சிவந்திருக்கும். கடையில் போய்ச் சொன்னால், ‘தண்ணிய மாத்துங்க’ என்பார்கள். வீட்டுக்கு வந்து மொத்தத் தண்ணீரையும் கொட்டி, கூழாங்கல்லைத் தேய்த்துக் கழுவி, ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து, புதிதாக நிரப்பி, புதிதாக மீன் வாங்கி விடுவார்கள். அடுத்த வாரமும் அதே கதை. ஆசை ஆசையாகத் தொட்டி வாங்கிய எத்தனையோ பேர், ‘நமக்கு மீன் ராசி இல்லை’ என்று கண்ணாடித் தொட்டியைப் பரணில் ஏற்றியது இப்படித்தான்.

ராசி ஒன்றும் இல்லை. அந்தத் தொட்டியில் பாக்டீரியா இல்லை, அவ்வளவுதான்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வண்ணமீன் கடைகளில், தீவன டப்பாக்களுக்கும் நீல மருந்துகளுக்கும் நடுவே, இப்போது பாக்டீரியா பாட்டிலும் கிடைக்கிறது. ஊற்றிய அன்றே மீன் விடலாம் என்று சிலவற்றின் மேல் அச்சடித்திருக்கிறார்கள். நம்பி வாங்கலாமா? வாங்கலாம். ஆனால் எந்த பாட்டில், எந்தத் தண்ணீரில், எந்த வெயிலில் என்று பார்த்து வாங்க வேண்டும். தோல் பதனிடும் டேனரிகள் நிறைந்த இந்தப் பாலாற்றங்கரைத் தோல் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு இது பொழுதுபோக்கு சம்பந்தப்பட்ட கேள்வி மட்டுமல்ல. மீன்தொட்டிப் பஞ்சில் குடியேற வேண்டிய அதே பாக்டீரியா இனங்களை நம்பித்தான் இந்த ஊர்களின் பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் அம்மோனியாவோடு மல்லுக்கட்டுகின்றன. தொட்டி 60 லிட்டரா, பல லட்சம் லிட்டரா என்பதில்தான் வித்தியாசம். நடக்கிற வேலை ஒன்றே.

மீனைக் கொல்வது எது?

மீன் தன் உடம்புக் கழிவைப் பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவாகவே வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அம்மோனியாதான். தண்ணீரில் இது இரண்டு உருவில் இருக்கும். ஒன்று மின்னூட்டம் பெற்ற அம்மோனியம். மீனுக்கு அவ்வளவு கெடுதல் செய்யாது. இன்னொன்று மின்னூட்டமில்லாத அம்மோனியா. செவுளைத் தாண்டி நேரே ரத்தத்துக்குப் போய்விடும். எந்த உருவில் எவ்வளவு இருக்கும் என்பதைத் தண்ணீரின் பி.எச். அளவு முடிவு செய்கிறது. 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு உருவில் இருக்காது. 8 ஆனால் சுமார் 5 சதவீதம். 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். சூடு ஏற ஏற இந்தப் பங்கும் ஏறும்.

நம் வட்டாரத்து போர் தண்ணீர் பல இடங்களில் கடினமானது, காரத்தன்மை உள்ளது. கூடவே, வேலூரை ‘வெயிலூர்’ என்று சொல்ல வைக்கும் அந்த வெயில். அதனால் வேறு ஊரில் மூன்று மீன் தாங்கிய அம்மோனியாவை இங்கே ஒரு மீன்கூடத் தாங்காமல் போகலாம்.

இந்த அம்மோனியாவை நைட்ரோசோமோனாஸ் போன்ற ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான். ரத்தத்தில் ஆக்ஸிஜன் சுமக்கும் பொருளைச் செயலிழக்கச் செய்து, ரத்தத்தையே பழுப்பு நிறமாக்கிவிடும். இன்னொரு வகை பாக்டீரியா அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அளவோடு இருந்தால் மீனுக்குத் தொந்தரவில்லை. தொட்டிச் செடி கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், மிச்சத்தை வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றிக் குறைத்துவிடலாம். இந்த இரண்டு கூட்டமும் ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் மணலிலும் போதுமான எண்ணிக்கையில் பெருகி உட்காருவதைத்தான் மீன் வளர்ப்பவர்கள் ‘டேங்க் சைக்கிள் ஆகணும்’ என்கிறார்கள். எதுவும் ஊற்றாமல் தானாக விட்டால் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும்.

இந்த ஊர்த் தண்ணீரில் ஒரு விசேஷமும் உண்டு. நெல்லையும் தென்னையையும் கெடுக்கிற உப்பு, நைட்ரைட் விஷத்திலிருந்து மீனை ஓரளவு காப்பாற்றுகிறது. செவுளில் நைட்ரைட் நுழையும் வழியும் குளோரைடு நுழையும் வழியும் ஒன்றே. குளோரைடு நிறைய இருந்தால் அது முந்திக்கொள்கிறது, நைட்ரைட் வெளியே நின்றுவிடுகிறது. கடினத் தண்ணீரை விரும்பும் மோலியும் கப்பியும் இங்கே பிழைத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அம்மோனியாவுக்கு இந்தத் தடுப்பு செல்லாது.

அவசரப்படாத உயிர்

இந்த பாக்டீரியாக்களை முதலில் தனியே பிரித்துக் காட்டியவர் ரஷ்ய விஞ்ஞானி செர்கெய் வினோகிராட்ஸ்கி. 1890-ல், சுவிட்சர்லாந்தின் ஜூரிக் நகரில். அதுவரை ஆய்வுக்கூடங்களில் பாக்டீரியா வளர்க்க ஜெலட்டின், மாமிசச் சாறு என்று சத்தான உணவு கொடுப்பதுதான் வழக்கம். அதில் இவை வளரவே இல்லை. சத்துணவையெல்லாம் எடுத்துவிட்டு அம்மோனியம் உப்பும் சுண்ணாம்பும் மட்டும் கொடுத்தபோதுதான் அவருக்குப் பிடிபட்டன. அம்மோனியாவை எரித்துக் கிடைக்கும் சொற்ப சக்தியில், தண்ணீரில் கரைந்த கரியமிலவாயுவை எடுத்து உடம்பு வளர்க்கும் உயிர்கள் இவை. வெளிச்சமும் வேண்டாம், மற்றவர் சமைத்த சாப்பாடும் வேண்டாம்.

அப்படிப் பிழைப்பதற்கு ஒரு விலை உண்டு: மெதுவாகத்தான் பெருகும். பாலில் உறை ஊற்றினால் ராத்திரியில் தயிராகிவிடுகிறது. அந்த பாக்டீரியா மணிக்கணக்கில் பல மடங்கு பெருகிவிடும். இவை ஒன்று இரண்டாவதற்கு அரை நாளோ ஒரு முழு நாளோ எடுத்துக்கொள்ளும். எத்தனை அவசரப்பட்டாலும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது. மாற்றக்கூடியது ஒன்றுதான்: ஆரம்பத்தில் எத்தனை பேரோடு தொடங்குகிறோம் என்பது. பாட்டிலின் நியாயம் முழுவதும் இந்த ஓர் இடத்தில் இருக்கிறது.

பாட்டிலுக்குள் யார் இருக்க வேண்டும் என்பதே நெடுநாள் தவறாகத்தான் இருந்தது. நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்று நூறாண்டுக்கும் மேலாகப் பாடப் புத்தகங்கள் சொல்லிவந்தன. பாட்டில் தயாரித்தவர்களும் அதையே அடைத்தார்கள். 1998-ல் அமெரிக்காவின் திமோதி ஹோவனெக்கும் அவருடைய சகாக்களும் நன்னீர் மீன்தொட்டிகளின் ஃபில்டரை மரபணுச் சோதனை செய்தபோது, அங்கே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது நைட்ரோஸ்பைரா என்ற வேறொரு இனம் என்று தெரிந்தது. சோதனைக்குழாயில் எளிதாக வளர்ந்தது நைட்ரோபாக்டர். தொட்டியில் குடித்தனம் நடத்தியது நைட்ரோஸ்பைரா.

அதற்குப் பிறகும் மீன்தொட்டிகள் விஞ்ஞானிகளை விடவில்லை. 2005-ல் அம்மோனியாவை மாற்றும் ஆர்க்கியா என்னும் தனிக் குலத்து நுண்ணுயிரை முதன்முதலாகப் பிரித்தெடுத்தது கடலிலிருந்து அல்ல, அமெரிக்காவின் சியாட்டில் மீன் காட்சியகத்துத் தொட்டியிலிருந்து. 2011-ல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தார் வீட்டு மீன்தொட்டிகளையும் கடைத் தொட்டிகளையும் சோதித்தார்கள். பல நன்னீர்த் தொட்டிகளில் அம்மோனியா வேலையில் பாக்டீரியாவைவிட இந்த ஆர்க்கியாவே அதிகம் இருந்தது. 2015-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஒரே நேரத்தில் இன்னொன்றைச் சொல்லின: நைட்ரோஸ்பைராவில் சில வகைகள் அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை மொத்த வேலையையும் தனியாளாகவே முடிக்கின்றன. இரண்டில் ஒரு குழு அதைக் கண்டது மீன் வளர்ப்பு நிலையத்தின் ஃபில்டரில்.

ஆக, இரண்டு பெயரை அச்சடித்து பாட்டிலில் அடைத்தால் மொத்தக் கூட்டமும் வந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. நன்றாக ஓடுகிற தொட்டியில் இருக்கும் கூட்டம் எந்த லேபிளையும்விடப் பெரியது.

நவச்சாரம் போகும் இரண்டு ஊர்

பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் பயன்படுத்தும் நவச்சாரம் பழைய தலைமுறைக்குத் தெரியும். வேதியியலில் அதற்கு அம்மோனியம் குளோரைடு என்று பெயர். மீன் இல்லாமலே தொட்டியைப் பழக்க விரும்புகிறவர்கள் பாக்டீரியாவுக்குத் தீனியாகப் போடுவது இதைத்தான். 100 லிட்டர் தொட்டிக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகப் போதும்.

டேனரிகளில் இது மூட்டைக் கணக்கில் போகிறது. உப்பிட்டு வந்த தோலை ஊறவைத்து, சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் கலந்த கரைசலில் போட்டு முடி நீக்கி, சவ்வு சீவி எடுத்த பிறகு, தோலுக்குள் ஏறியிருக்கும் சுண்ணாம்பை வெளியேற்ற வேண்டும். அதற்கு அம்மோனியம் குளோரைடோ அம்மோனியம் சல்ஃபேட்டோ போட்டு டிரம்மைச் சுற்றுவார்கள். அந்தத் தண்ணீர் வெளியே வரும்போது அம்மோனியாவும் சேர்ந்து வருகிறது. முடியும் தோல் புரதமும் கரைந்து அழுகுவதில் வருவது தனி. அப்புறம்தான் குரோம் ஏற்றி ‘வெட் ப்ளூ’ என்னும் ஈரமான நீலத் தோலாக்குவது. ஒரு கிலோ தோல் முழுதாகத் தயாராக ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று 1996-ல் டேனரிக் கழிவு வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது.

ராணிப்பேட்டையின் ரானிடெக், வாணியம்பாடியின் வானிடெக், ஆம்பூரின் ஆம்பூர்டெக், மேல்விஷாரத்தின் விஷ்டெக் எல்லாம் இந்தத் தண்ணீரை வாங்கிச் சுத்தம் செய்யும் பொது நிலையங்கள். வடிகட்டி, ரசாயனம் போட்டுக் கசடை இறக்கிய பிறகு, தண்ணீர் காற்றூட்டும் தொட்டிக்குப் போகிறது. பாக்டீரியாவின் ஊர் அதுதான். அங்கிருக்கும் கூட்டத்தில் பெரும்பகுதி அழுக்கைத் தின்று வேகமாகப் பெருகும் இனங்கள். சிறுபான்மையாக, மெதுவாக, எதற்கெடுத்தாலும் முகம் சுருக்கிக்கொண்டு இருப்பவை நம் நைட்ரோசோமோனாஸும் நைட்ரோஸ்பைராவும். உப்பு ஏறினால் இவை தளரும். சல்ஃபைடு தாண்டி வந்தால் படுத்துவிடும். குரோமியம் அளவு மீறினால் நின்றுவிடும். ஒரு டேனரியில் யாரோ ராத்திரியில் திறந்துவிட்ட கழிவு, மறுநாள் நிலையத்தின் அம்மோனியா அளவில் தெரிந்துவிடும்.

புதிய நிலையம் ஓடத் தொடங்கும்போது புதிய மீன்தொட்டிக்கு வரும் அதே பிரச்சினை இங்கும் வருகிறது. காலித் தொட்டியில் பாக்டீரியா எங்கிருந்து வரும்? ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு நிலையத்தின் ஸ்லட்ஜை, அதாவது கசடை, லாரியில் கொண்டுவந்து ஊற்றுவது முதல் வழி. சாணத்தைக் கரைத்து ஊற்றுவதும் நம் நாட்டில் பழக்கம். ‘பயோ கல்ச்சர்’ என்ற பெயரில் கேனிலும் பொட்டலத்திலும் வருவதைப் போடுவது மூன்றாவது. மீன்கடை பாட்டிலின் பெரியண்ணன் அது.

காற்றூட்டிக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் முறையின் பிறப்பே காத்திருப்பில்தான் நடந்தது. 1914-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் எட்வர்ட் ஆர்டெர்ன், வில்லியம் லாக்கெட் என்ற இரண்டு ரசாயன அறிஞர்கள் சாக்கடைத் தண்ணீரில் காற்றை ஊதிப் பார்த்தார்கள். அதிலிருந்த அம்மோனியா முழுக்க நைட்ரேட்டாக மாற ஐந்து வாரம் ஆனது. வழக்கமாக அடியில் நின்ற கசடைக் கொட்டிவிடுவார்கள். இவர்கள் கொட்டவில்லை. தெளிந்த நீரை மட்டும் எடுத்துவிட்டு, அதே கசடின் மேல் புதுச் சாக்கடைத் தண்ணீரை ஊற்றினார்கள். திரும்பத் திரும்ப இப்படிச் செய்ததில் நேரம் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் ஐந்து வார வேலை ஒரு நாளுக்குள் முடிந்தது. உலகம் முழுக்க இன்று நகரக் கழிவுநீரைச் சுத்தம் செய்வது பெரும்பாலும் அந்தக் கசடைக் கொட்டாமல் வைத்துக்கொண்டதால்தான். ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பிழிந்து சுத்தமாக்கும் ஒவ்வொரு வீட்டிலும் ஆர்டெர்னும் லாக்கெட்டும் காப்பாற்றியதைக் கொட்டிவிடுகிறோம்.

சுத்திகரிப்பு நிலைய ஆபரேட்டர் கையில் விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல் தினமும் செய்யும் சோதனை ஒன்று உண்டு. காற்றூட்டும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் அளவு ஜாடியில் பழுப்புத் தண்ணீரை மொண்டுவந்து, மேசையில் வைத்து, முப்பது நிமிடம் தொடாமல் விடுவார். முதலில் எல்லாம் ஒரே கலங்கலாக இருக்கும். ஐந்து நிமிடத்தில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு திரண்டு இறங்க ஆரம்பிக்கும். மேலே தெளிந்த நீருக்கும் கீழே கசடுக்கும் நடுவில் கோடு ஒன்று விழுந்து, அது மெதுவாகக் கீழே வரும். முப்பதாவது நிமிடம் கோடு எந்த அளவில் நிற்கிறது, மேலே நிற்கும் நீர் தெளிவா மங்கலா, கசடு பழுப்பா கறுப்பா என்று பார்ப்பார். பழுப்பென்றால் காற்று போதுகிறது. கறுத்து நாறினால் எங்கோ காற்று செத்திருக்கிறது. அதே கசடில் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தால், காம்பு வைத்த மணி உருவத்தில் வொர்டிசெல்லா என்ற ஓரணு உயிர்கள் சுருங்கி விரிவதைக் காணலாம். அவை இருந்தால் கூட்டம் நலமாக இருக்கிறது என்று அனுபவசாலிகள் நிம்மதி அடைவார்கள்.

பாட்டிலில் பார்க்க வேண்டியது

இப்போது கடை அலமாரிக்கு வருவோம். பாட்டிலில் வரும் பாக்டீரியாவை இரண்டு சாதியாகப் பிரிக்கலாம். ஒன்று பேசில்லஸ் வகை. இவற்றால் ஸ்போர் என்னும் விதை உறைக்குள் உறங்க முடியும். வெயில், வறட்சி, மாதக்கணக்கான அலமாரி வாசம் எல்லாவற்றையும் தாங்கும். தீனி மிச்சத்தையும் கசடையும் நன்றாகச் சிதைக்கும். ஆனால் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் கூட்டம் இவையல்ல. சிதைக்கிற வேகத்தில் அம்மோனியாவைக் கூட்டவும் செய்யலாம். மற்றது உண்மையான நைட்ரஜன் கூட்டம்: நைட்ரோசோமோனாஸ், நைட்ரோஸ்பைரா. இவற்றுக்கு ஸ்போர் கிடையாது. பாட்டிலுக்குள் உயிரோடு பட்டினி கிடக்கின்றன. குளுமையில் வைத்தால் மாதங்கள் தாக்குப்பிடிக்கும். சூட்டில் செத்துவிடும்.

மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், பார்சல் வண்டியின் கூரைக்கடியில் சென்னையிலிருந்து வந்து, கடை வாசலில் வெயில் படும் தட்டில் நிற்கும் பாட்டிலில் எத்தனை உயிர் மிஞ்சும்? சொல்லத் தேவையில்லை. ஆகவே இந்த வட்டாரத்தில் பாக்டீரியா பாட்டில் வாங்குவதற்கு நல்ல காலம் கார்த்திகை முதல் மாசி வரை. மற்ற மாதங்களில் கடைக்காரர் அதை எங்கே வைத்திருக்கிறார் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். லேபிளில் இனத்தின் பெயர் இருக்கிறதா, தயாரித்த தேதி இருக்கிறதா என்று பாருங்கள். ‘நன்மை செய்யும் பாக்டீரியா’ என்று மட்டும் இருந்தால், அது பெரும்பாலும் முதல் சாதி.

பாட்டில் என்ற எண்ணமே ஏமாற்று என்று சொல்வதும் தவறு. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஐ.எஸ். பிரைட் சிங் தலைமையிலான குழு, இறால் குஞ்சு பொரிப்பகங்களுக்காக நைட்ரஜன் பாக்டீரியாக் கூட்டங்களைக் கேரளத்து நீர்நிலைகளிலிருந்தே எடுத்து வளர்த்து, பிளாஸ்டிக் மணிகளில் ஒட்டவைத்து, உடனே வேலை தொடங்கும் அமைப்புகளாக உருவாக்கியது. அதில் நாம் கவனிக்க வேண்டியது இரண்டு. உள்ளூர்த் தண்ணீருக்குப் பழகிய கூட்டத்தை எடுத்தார்கள். திரவமாக மட்டும் கொடுக்காமல், ஒட்டிக்கொள்ள இடம் கொடுத்து அனுப்பினார்கள். இந்த பாக்டீரியா நீந்தித் திரிவதைவிட ஒட்டி வாழ்வதையே விரும்பும். தொட்டித் தண்ணீரில் இருப்பது சொற்பம்; பஞ்சிலும் கல்லிலும் இருப்பதுதான் குடும்பம்.

அதனால் என்னைக் கேட்டால் முதல் சிபாரிசு பாட்டில் அல்ல. ஒரு வருடமாக மீன் சாகாமல் ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பரைத் தேடிப்போய், அவருடைய ஸ்பாஞ்ச் ஃபில்டரில் பாதியைக் கேட்டு வாங்குங்கள். தொட்டித் தண்ணீரிலேயே நனைத்து, கவரில் கட்டி, அன்றே உங்கள் ஃபில்டரில் வையுங்கள். நம்மூர்த் தண்ணீருக்கும் நம்மூர் வெயிலுக்கும் பழகிய கூட்டம் அது. அந்தத் தொட்டியில் நோய் இருக்கக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை. அப்படி யாரும் கிடைக்காதபோது பாட்டில் நல்ல துணை.

ஊற்றுவதற்கு முன் தண்ணீரைத் தயார் செய்ய வேண்டும். நகராட்சிக் குழாய்த் தண்ணீர் என்றால் அதிலுள்ள குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். ஒருநாள் திறந்துவைத்து ஏர் பம்ப் போட்டு விடுங்கள், அல்லது குளோரின் நீக்கி சேருங்கள். அடுத்தது இந்த வட்டாரத்துக்கே உரிய சங்கடம். போர் தண்ணீர் உப்பு என்று பயந்து பலர் முழுக்க முழுக்க ஆர்.ஓ. தண்ணீரையோ கேன் தண்ணீரையோ ஊற்றுகிறார்கள். அதில் கார்பனேட் மிகக் குறைவு. ஒவ்வொரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றவும் 7 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்துக்கு இணையான காரத்தன்மை செலவாகிறது. அது தீர்ந்ததும் பி.எச். சரியும், 6.5-க்குக் கீழே போனால் பாக்டீரியா வேலையை மந்தமாக்கிவிடும். எத்தனை பாட்டில் ஊற்றினாலும் எழுந்திருக்காது. பாதி போர், பாதி ஆர்.ஓ. என்று கலந்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். சுத்திகரிப்பு நிலையத்தின் காற்றூட்டும் தொட்டியில் பி.எச். சரியும்போது சுண்ணாம்போ சோடாவோ சேர்க்கும் ஆபரேட்டருக்கு இது பாலபாடம்.

காற்று இதைவிட முக்கியம். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு நாலரை மில்லிகிராம் ஆக்ஸிஜன் வேண்டும். 35 டிகிரி வெந்நீரில் மொத்தமே லிட்டருக்கு 7 மில்லிகிராம்தான் கரையும். ஏர் பம்ப் இரவும் பகலும் ஓட வேண்டும். கரன்ட் அடிக்கடி போகும் தெரு என்றால் பேட்டரியில் ஓடும் சின்னப் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். பாட்டிலுக்குக் கொடுக்கும் காசைவிட அது உருப்படியான செலவு. யு.வி. விளக்கு இருந்தால் முதல் இரண்டு வாரம் அணைத்துவிடுங்கள். பாட்டிலை நன்றாகக் குலுக்கி, ஃபில்டர் பஞ்சின் மேலேயே ஊற்றுங்கள்.

பிறகு நவச்சாரம். நாட்டு மருந்துக் கடைச் சரக்கில் கலப்படம் இருக்கலாம் என்பதால், ஆய்வுக்கூடத் தரத்தில் வாங்குவது நல்லது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா வருமளவுக்குப் போட்டால் போதும். 5-க்கு மேல் ஏறினால் அந்த பாக்டீரியாவுக்கே திணறல். தினமும் தொட்டித் தண்ணீரைச் சோதனைக் குழாயில் எடுத்து, அம்மோனியா சோதனைச் சொட்டு மருந்து விட்டுப் பாருங்கள். அம்மோனியா இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் மஞ்சள். ஒருநாள் பச்சை வெளிறும், மறுநாள் எலுமிச்சை நிறம் வரும். அப்போதும் மீன் வாங்கக் கிளம்பாதீர்கள். அம்மோனியா இறங்கும் நேரத்தில் நைட்ரைட் உச்சத்துக்குப் போகும். இரண்டாவது கூட்டம் தாமதமாகத்தான் வரும். இன்று போட்ட நவச்சாரம் நாளைக்குள் அம்மோனியாவும் இல்லாமல் நைட்ரைட்டும் இல்லாமல் ஆனால், அன்றைக்குத் தொட்டி தயார். நல்ல பாட்டில் அந்த நான்கு முதல் ஆறு வாரத்தை ஒன்றிரண்டு வாரமாகக் குறைக்கும். ஒரே நாளில் முடிக்கும் என்ற பேச்சை நான் நம்பவில்லை.

பாக்டீரியா தொடாதது

பயோ கல்ச்சர் விற்பவர்கள் எதையும் தீர்த்துவிடும் என்று பேசும்போது, இந்த மண்ணின் கணக்கை எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. பாக்டீரியா அம்மோனியாவை மாற்றும், புரதத்தைத் தின்னும். உப்பைத் தின்னாது. குரோமியத்தை அழிக்காது. அந்த இரண்டும் உள்ளே வந்த அளவுக்கு வெளியே போயே தீரும்; தண்ணீரில் இல்லாவிட்டால் கசடில்.

டேனரிக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் உறுதியாக நிறுத்தியது. தோல் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனதாக வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் சொன்னதை அந்தத் தீர்ப்பு பதிவு செய்தது. பின்னர் அமைந்த இழப்பீட்டு ஆணையம் 2001-ல் 29,193 பேரைப் பாதிக்கப்பட்டவர்களாகக் கண்டறிந்தது. இத்தனை ஆண்டு கழித்து, 2025 ஜனவரி 30 அன்று, நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு மறுபடியும் பேச வேண்டியிருந்தது: மீதமுள்ள இழப்பீட்டை ஆறு வாரத்தில் கொடுங்கள், மாசுபடுத்தியவர்களிடம் வசூலியுங்கள், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமையுங்கள் என்று.

அந்தத் தீர்ப்பு வந்த மறுநாள், ராணிப்பேட்டை விபத்துக்குப் பத்தாண்டு நிறைந்தது. 2015 ஜனவரி 31 அதிகாலை, சிப்காட் பகுதியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையமொன்றின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் கழிவு பாய்ந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பாக்டீரியா தன் வேலையைச் செய்து முடித்த பிறகு மிஞ்சும் கசடை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு ஒழுங்கான பதில் இல்லாததன் விலை அது.

காற்றில்லாத இடத்தில் வேறு பாக்டீரியாக் கூட்டம் ஆட்சிக்கு வரும் என்பதையும் இந்த ஊர்கள் துயரத்தோடு அறியும். சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றும் கூட்டம் அது. மூடிய கழிவுத் தொட்டிக்குள் இறங்கி, அந்த வாயு தாக்கி இறந்த டேனரித் தொழிலாளர்களின் செய்தி திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. ஒருவரைத் தூக்க இறங்கிய இன்னொருவரும் சேர்ந்து. முட்டை அழுகிய நாற்றம் வந்தால் மட்டும் ஆபத்து என்று நினைக்கக் கூடாது. அளவு கூடினால் அந்த வாயு முதலில் மூக்கையே மரத்துப்போக வைக்கும். கழிவுத் தொட்டிக்குள் ஆளை இறக்காதீர்கள் என்பதை இந்தக் கட்டுரையைப் படிக்கும் ஒவ்வொரு மேலாளருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

இப்போது நிலையங்கள் சுத்தம் செய்த தண்ணீரை ஆற்றில் விடக் கூடாது. ஆர்.ஓ. வழியாக அனுப்பி, நல்ல தண்ணீரை டேனரிக்கே திருப்பி, மிஞ்சும் உவர்நீரை ஆவியாக்க வேண்டும். கடைசியில் கலப்பு உப்பு மிஞ்சுகிறது. சமையலுக்கும் ஆகாது, மறுபடி தோலுக்கும் எளிதில் ஆகாது. கொட்டகைகளில் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். மழைத் தண்ணீர் அதைத் தொட்டால் மறுபடியும் பாலாற்று மணலுக்குத்தான்.

சென்னையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948 முதல் இயங்குகிறது. உப்பைக் குறைத்துப் பதப்படுத்துவது, முடி நீக்க சல்ஃபைடுக்குப் பதில் நொதிகளைப் பயன்படுத்துவது, குரோம் கழிவைக் குறைப்பது எல்லாவற்றுக்கும் அங்கே வழி காட்டியிருக்கிறார்கள். நவச்சாரத்துக்கும் மாற்று உண்டு: கரியமிலவாயுவைச் செலுத்திச் சுண்ணாம்பை நீக்கலாம். ஐரோப்பாவில் இது பழகிய முறை. ஆம்பூர் ஷூவை வாங்குவதும் பெரும்பாலும் ஐரோப்பிய நாடுகளே. அந்த மாற்றம் இங்கே ஒவ்வொரு டேனரிக்கும் வந்தால், காற்றூட்டும் தொட்டிக்கு வந்து சேரும் அம்மோனியாவில் பெரும்பங்கு டிரம்மிலேயே குறைந்துவிடும். முதலீட்டைச் சிறு டேனரிகள் தனியாகத் தாங்க முடியாது. சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அரசு மானியம் கொடுத்த அதே முறையில் இதற்கும் கொடுக்கலாம்; ஷூ வாங்கும் நிறுவனங்களும் விலையில் பங்கேற்க வேண்டும். உச்ச நீதிமன்றம் அமைக்கச் சொன்ன குழு முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.